பிள்ளை பெத்தவளின் சோற்றுக் கோப்பை



போன வாரம் இடைவேளையில் இரண்டாம் தரத்துப் பிள்ளை ஒன்றின் சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு திரிபோஷா உருண்டை இருந்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்தது. "உம்மாக்கு கிளினிக்ல குடுத்த, டீச்சர்" என்றாள். உம்மாவுக்கு இப்போது ஏழு மாதம். பல நாளாக எழுத நினைத்ததை அந்த உருண்டைதான் எழுத வைத்தது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பக்கம் பிள்ளை பெத்தவளுக்கு நாற்பது நாள் பத்தியம். கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு, திப்பிலி சேர்த்து அரைத்த காயம், நல்லெண்ணெயோடு முதல் பிடிச் சோற்றில். பால் ஊற பால்சுறா, முருங்கையிலை. உடம்பு தேற ஊர்க்கோழிக் குஞ்சு. மூத்தம்மாமார் கையால் கிடைத்த இந்தச் சாப்பாட்டில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு, வாழ்க்கையில் அந்த நாற்பது நாளாவது மீனும் முட்டையும் முதலில் வந்தது.

ஆனால் பத்தியத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தண்ணீர் கூடக் குடித்தால் வயிறு வைக்கும், புண் ஆறாது. பழம் குளிர். இளநீர் கூடவே கூடாது. என் மூத்த பிள்ளை பிறந்தபோது வாய் காய்ந்து, மலம் இறுகி, பட்ட பாடு சொல்லி முடியாது. சுபஹுக்கு முன்னால் ராத்தா போத்தலில் தண்ணீர் ஒளித்துக் கொண்டு வருவா. மாமி கெட்டவர் இல்லை. அவவுக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

"இது மார்க்கத்தில் உள்ளது" என்று சிலர் சொல்வதுதான் எனக்கு வருத்தம். நிபாஸ் என்பது தொழுகை, நோன்பு சம்பந்தமான சட்டம். இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அதன் உச்ச எல்லை 60 நாள். அதில் சாப்பாட்டுக்குத் தடை எதுவும் இல்லை. சூடு, குளிர் என்ற கணக்கு வைத்தியத்திலிருந்து வந்தது. கிரேக்க வைத்தியர்கள் எழுதியதை பக்தாதில் அரபியில் மொழிபெயர்த்தார்கள். இப்னு ஸீனா (980–1037) தன் 'கானூன்' நூலில் அதை விரித்து எழுதினார். அது யூனானியாக இங்கே வந்து, ஏற்கனவே இருந்த ஆயுர்வேதத்தோடும் சித்த வைத்தியத்தோடும் கலந்தது.

குர்ஆனில் பிரசவ வேதனையில் இருந்த மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? காலடியில் ஓடும் நீரும், மரத்தை உலுக்கினால் விழும் பேரீச்சம்பழமும். உண்ணவும் பருகவும்தான் சொல்லப்பட்டது. நம் வீடுகளில் தடுக்கப்படும் அதே இரண்டு பொருள்கள்!

கர்ப்ப காலத்தில் சோற்றைக் குறைப்பது வேறு கதை. "பிள்ளை பெருத்தால் பெறக் கஷ்டம்" என்பார்கள். இதை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறந்தது 1879இல். களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல்தான் வந்தது. 1930களில் இந்நாட்டில் 1,000 பிறப்புக்கு 20 தாய்மாருக்கு மேல் மௌத்தானார்கள். 1934–35 மலேரியா, இரத்தம் இல்லாத பிள்ளைத்தாச்சிகளை இன்னும் அள்ளிக்கொண்டு போனது. கிழக்கின் ஒரு கிராமத்தில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால் மருத்துவிச்சி என்ன செய்ய முடியும்? சிசேரியன் செய்ய ஆளில்லாத காலத்தில் சின்னப் பிள்ளையாகப் பெறுவதே உயிர் தப்பும் வழி என்று நினைத்தார்கள். இன்று தாய் மரணம் ஒரு லட்சத்துக்குச் சில பத்துகளாக இறங்கிவிட்டது, மருத்துவமாது வீட்டு வாசலுக்கே வருகிறா. பயம் மட்டும் அப்படியே நிற்கிறது. எடை குறைந்த பிள்ளையும், வெளிறிய உம்மாவும்தான் மிச்சம். (இரும்புச்சத்து மாத்திரையோடு பிளேன்டீ குடிப்பதை மட்டுமாவது தயவுசெய்து நிறுத்துங்கள். மாத்திரையின் பலன் குறைந்துவிடும்.)

இந்தக் குறையை நிரப்பத்தான் 1973இல் திரிபோஷா வந்தது. ஆரம்பத்தில் அமெரிக்க உதவியோடு, பிறகு நம் சோளம், சோயாவில். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மாதம் 750 கிராம் பக்கெட் இரண்டு. 2022 நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் உற்பத்தி தடைப்பட்டபோதுதான் அதன் அருமை பலருக்கு விளங்கியது. அந்த இரண்டு பக்கெட்டும் ஒரு பெண்ணுக்கு என்று கணக்குப் பண்ணித் தருவது. வீட்டுக்குள் வந்ததும் தலைக்கு இவ்வளவு என்று பிரிகிறது.

பாலூட்டும் தாய்க்குச் சாப்பாடும் உடுப்பும் கொடுப்பது தகப்பன் மீது கடமை என்று சூறா பகரா 233ஆம் வசனம் சொல்கிறது. தலாக் சொல்லப்பட்டவள் கர்ப்பிணியாக இருந்தால், பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவு செய்யச் சொல்கிறது சூறா தலாக். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகை உண்டு. ஜும்ஆ பயான்களில் இதைக் கேட்ட ஞாபகம் எனக்கு அவ்வளவாக இல்லை.

அந்தப் பிள்ளையின் உம்மாவை பெற்றோர் கூட்டத்தில் கண்டேன். "அது நீங்க சாப்பிடத் தந்ததுதானே?" என்று மெதுவாகக் கேட்டேன். சிரித்தா. "பிள்ளையள் மூணும் வாயப் பார்த்துட்டு இருக்கக்குள்ள நான் எப்படி டீச்சர் திங்கிற?" என்றா. எனக்குப் பதில் வரவில்லை. வாப்பா கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை.

உங்கள் ஊரில் காயத்துக்கு என்னென்ன சரக்கு சேர்ப்பார்கள், எதை எதைத் தடுப்பார்கள் என்று எழுதுங்கள். உம்மாமார், மூத்தம்மாமாரிடம் கேட்டே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே குறித்து வைக்க வேண்டும்.