ஏரி கட்டிய சபை

உத்திரமேரூர் என்று சொன்னவுடன், குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கும் குடவோலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செய்யாற்றைத் தாண்டிப் போனால் வரும் சின்னப் பேரூராட்சி அது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் வாரியங்களுக்கு, அதாவது பொதுக்காரியம் பார்க்கும் குழுக்களுக்கு, ஆள் எடுப்பது எப்படி என்று சபை வகுத்துக்கொண்ட விதிகள் அவற்றில் உள்ளன. பாடநூலிலும் மேடையிலும் இந்த இரண்டு கல்வெட்டுகள்தாம் ஊராகிவிட்டன. அவற்றுக்கு முன்னே நூறாண்டுக்கும் மேலாக அந்த ஊர் என்ன செய்துகொண்டிருந்தது, எப்படிப்பட்ட நிலத்தில் உட்கார்ந்திருந்தது, அப்படி ஒரு விதி அதற்கு ஏன் வேண்டியிருந்தது என்ற கேள்விகளை அநேகமாக யாரும் எழுப்புவதில்லை. அந்தக் கேள்விகளோடு மற்றக் கல்வெட்டுகளையும் சேர்த்துப் படித்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. இந்த ஊரில் முதலில் வந்தது ஏரி. சபையின் கட்டுப்பாடும் கணக்கும் குடவோலையும் அந்த ஏரியைக் காக்கவேண்டிய நெருக்கடியிலிருந்து முளைத்தவை.

நிலத்திலிருந்து தொடங்குவோம். பழைய தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதியில் ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு கிடையாது. பாலாறும் செய்யாறும் வெள்ளம் வரும்போது கரை புரளும், மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிகிறது, விழுந்த நீர் நிற்காமல் கடலைப் பார்த்து ஓடிவிடும். அந்தச் சரிவின் குறுக்கே மண்ணால் நீளமாக ஒரு கரை போட்டு நீரை நிறுத்தி, மதகு வழியாகக் கீழே உள்ள வயலுக்கு விடுவது ஒன்றுதான் இங்கே நெல் விளைய வழி. செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்று சொல்வது இதனால்தான். மதுராந்தகத்துப் பெரிய ஏரியும் வேடந்தாங்கலும் இதே வட்டாரத்தில் இருப்பது தற்செயல் அல்ல. ஆனால் ஏரியைக் கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. தூர் வாராத ஏரி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவை இழக்கும். எலிப்பொந்தோ மரவேரோ விழுந்த கரை ஒரே இரவு மழையில் உடையும். மதகு பழுதானால் மேல்வயலுக்கு வெள்ளம், கடைவயலுக்கு வறட்சி. ஒரு தலைமுறை அசந்தால் ஊரே இல்லாமல் போகும் என்பது மிகையில்லை.

பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், காளியூர்க் கோட்டத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊராக, இந்த ஊர் உருவானதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அடுத்து வந்த தந்திவர்மன் பெயரோடு ஊரின் ஏரி சேர்ந்திருக்கிறது. வயிரமேகன் என்பது அவனுடைய பட்டப்பெயர், ஏரிக்குக் கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் என்று பெயர். அவன் ஆட்சிக்காலத்திலேயே சபை ஏரியைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டது. குடிகள் கைவிட்டுப் போன நிலங்களைச் சபை தன் பொறுப்பில் எடுத்து, அவற்றால் வரும் பயனை வயிரமேக தடாகத்துக்கு ஒதுக்கிய செய்தி அக்காலக் கல்வெட்டில் உண்டு. தூர் வாருவதற்கென்று தனியார் கொடுத்த பொன்னையும் நெல்லையும் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் அந்த வேலையைச் செய்விப்போம் என்று சபை ஒப்புக்கொள்வதும் வருகிறது. ஏரி வாரியப் பெருமக்கள் என்ற பெயர் பல்லவர் காலத்திலேயே கல்லில் ஏறிவிட்டது. பராந்தகன் காலத்துக் குடவோலை விதிக்கு அது பல பத்தாண்டுகள் முந்தையது. ஆகவே 919இல் சோழர் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து இந்த ஊருக்கு வாரியத்தை அறிமுகப்படுத்தினார் என்று சொல்ல வழியில்லை. வாரியம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதில் யார் உட்காரலாம் என்பதுதான் அப்போது வரையறுக்கப்பட்டது.

இந்த ஊரின் ஒழுங்கு ஏரியைச் சுற்றியே அமைந்தது என்பதை ஊருக்குள் நிலத்துக்கு முகவரி சொன்ன விதமும் காட்டுகிறது. நிலம் விற்கும்போதும் கோயிலுக்குக் கொடுக்கும்போதும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இடத்தைக் குறிக்கும் முறை ஒன்று உண்டு. இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம், அதில் இத்தனை குழி என்று போகும். ஒரு திசையில் வதிகள், அவற்றுக்குக் குறுக்கே வாய்க்கால்கள், அவற்றிலிருந்து பிரியும் கண்ணாறுகள், கண்ணாறுகளுக்கு இடையே எண்ணிட்ட சதிரங்கள். ஊரின் நிலம் முழுவதும் பாசனக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவனுடைய வயல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதற்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது என்பதே பதில். மாபெரும் ஏரி ஒன்றின் கீழ், பல நூறு உடைமையாளர்களின் துண்டு நிலங்களை இப்படி எண்ணிட்டு வைத்திருந்த ஊருக்குப் பொதுக் கணக்கும் அதைப் பார்க்க மாறி மாறி வரும் ஆட்களும் தேவைப்படாமல் இருக்க முடியாது.

இப்போது 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கு வருவோம். ஊர் குடும்பு என்ற முப்பது பகுதிகளாகப் பிரிந்திருந்தது. கால் வேலிக்கு மேல் இறை, அதாவது வரி, செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்கவேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும். இந்தத் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். மகாசபை சிறியவர், பெரியவர் எல்லோருமாகக் கூடியிருக்கும். ஊரில் இருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் நடுவே அமர்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது தெரியாத சிறுவன் ஒருவனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துக் கொட்டிக் குலுக்கி, ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தன் கையில் கொடுக்கச் சொல்வார்கள். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஐந்து விரல். அவர் வாசித்ததை நம்பிமார் எல்லோரும் வாசிக்கவேண்டும். இவ்வளவு நுணுக்கமான சந்தேகம் வெறும் கௌரவப் பதவிக்கு வராது. பணமும் தண்ணீரும் கைமாறுகிற இடத்தில்தான் வரும்.

குடும்புக்கு ஒருவராக இப்படி எடுத்த முப்பது பேரை எப்படிப் பிரிப்பது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவர்களில் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுத்துப் பன்னிருவர் கொண்ட சம்வத்சர வாரியத்தை, அதாவது ஆண்டு வாரியத்தை, அமைக்கவேண்டும். மிச்சம் உள்ளவர்களில் பன்னிருவர் தோட்டத்துக்கு, அறுவர் ஏரிக்கு. அதாவது ஊரின் தலையாய குழுவுக்குள் போகும் படி ஏரிக்கரையிலும் தோட்டத்திலும் இருந்தது. ஆறே பேர் கொண்ட ஏரி வாரியம் சிறியதல்லவா, அதையா அச்சாணி என்பது என்று கேட்கலாம். தலை எண்ணிக்கை வேலையின் எடையைக் காட்டாது. அதே பராந்தகன் காலத்தில் ஊரில் பொன்னின் மாற்றுப் பார்ப்பதற்குச் சபை ஓர் ஏற்பாடு செய்தது. மாடவீதி, சேனை, சங்கரப்பாடி ஆகியவற்றிலிருந்து பொன் பார்க்கத் தெரிந்தவர்களை எடுத்தார்கள். பொன்னைக் கல்லில் உரைத்தபின் அந்தத் துகளை மெழுகில் ஒற்றி எடுப்பது வழக்கம். அந்த மெழுகை உரைத்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்று விதி. பொன் வாரியம் என்று தனியாக ஒன்று இருந்த ஊரில், உரைகல்லில் ஒட்டிய பொன்துகள்கூட ஏரியின் கணக்கில் சேர்ந்தது. ஊரின் பொதுச்சொத்து எங்கே போய்ச் சேரவேண்டும் என்று சபை நினைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேடவேண்டியதில்லை.

யாரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பட்டியலும் அப்படித்தான். வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் முதலில் விலக்கப்படுகிறான். அவனோடு அவன் தாயின் தமக்கை தங்கை மக்கள், தகப்பனின் சகோதரியின் மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுகள் வரிசையாக விலக்கப்படுகின்றன. பெரும்பாதகங்களும் ஒழுக்கக் கேடுகளும் இதற்குப் பிறகே வருகின்றன. கணக்குக் காட்டாதவன் தன் மைத்துனனை அந்த இடத்தில் உட்காரவைத்துக் கணக்கை மூடிவிடுவான் என்று சபைக்குத் தெரிந்திருந்தது. 919இல் எழுதிய விதியை இரண்டே ஆண்டில் 921இல் மீண்டும் விரிவாக எழுதவேண்டி வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இது ஏட்டில் இருந்து எடுத்த இலட்சியம் அல்ல, அன்றாடச் சிக்கலில் அடிபட்டுத் திருத்திய நடைமுறை என்பது புரியும். ஒருமுறை பதவி வகித்தவன் மூன்றாண்டுக்கு மறுபடி வரக் கூடாது, ஒரு வாரியத்தின் காலம் 360 நாள் என்ற வரம்புகளும் அதே அனுபவத்தின் விளைவு.

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் வரும். மூன்றும் கவனித்துப் பதில் சொல்லத் தக்கவை. முதலாவது, இது நிலமும் வேதக்கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை, பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் அதில் இடமில்லை என்பது. அது முழுக்க உண்மை, மழுப்பக் கூடாது. தூர் வாரும் கூடையைத் தூக்கியவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. இதை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடும்போது நாம் அவரை இரண்டாம் முறையும் மறந்துவிடுகிறோம். ஆனால் இந்த விலக்கு ஏரியைப் பற்றிய வாதத்தைக் குலைக்கவில்லை. இறை செலுத்தும் நிலம் என்ற நிபந்தனையே, ஏரி நீரில் உரிமை உள்ளவர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது என்று சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு, விதி அரசனின் ஆணைப்படி, அவன் அதிகாரி உடனிருக்கச் செய்யப்பட்டது, ஆகையால் அது ஊரின் படைப்பு அல்ல என்பது. 919இல் தத்தனூர் மூவேந்தவேளானும் 921இல் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டிலிருந்து வந்த சோமாசிப் பெருமானும் உடனிருந்தது உண்மைதான். அரசனுக்கு இந்த ஊரிலிருந்து வரவேண்டியது இறை. ஏரி தூர்ந்தால் இறை இல்லை. ஆகவே வாரியக் கணக்கு ஒழுங்காக இருப்பதில் அரசனுக்கும் ஊருக்கும் ஒரே அக்கறை இருந்தது. ஆணை மேலிருந்து வந்திருக்கலாம், அது ஒழுங்குபடுத்திய அமைப்பு கீழே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. தொடர்ந்து நடந்ததைப் பாருங்கள். 949இல் தக்கோலப் போரில் சோழர் தோற்று, இந்த வட்டாரம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போனது. உத்திரமேரூரில் அவன் ஆட்சியாண்டிட்ட கல்வெட்டுகளும் இருக்கின்றன, சபை தொடர்ந்து காரியம் பார்க்கிறது. பிறகு சோழர் மீண்டும் வருகிறார்கள், இராசேந்திரன் காலத்தில் ஊருக்கே அவன் பெயர் சூட்டப்படுகிறது. கொடி மாறியபோதெல்லாம் மாறாமல் நின்றது ஏரியும் அதைச் சுற்றிய ஏற்பாடும்.

மூன்றாவதுதான் கடினமான மறுப்பு. தொண்டை மண்டலத்தில் ஏரி இல்லாத ஊர் எது? எல்லா ஏரியும் சபை பெறவில்லையே? உத்திரமேரூர் மட்டும் ஏன்? முதலில், உத்திரமேரூர் மட்டும் அல்ல. செய்யாற்றுப் பக்கத்து உக்கலிலும் ஏரி வாரியமும் சம்வத்சர வாரியமும் கல்வெட்டில் வருகின்றன. அந்த ஊர்களில் விதியை இவ்வளவு விரிவாகக் கல்லில் வெட்டாததால் புகழ் இங்கே குவிந்தது. அடுத்தது அளவு. சில குடும்பங்கள் மட்டும் பங்குபோடும் சிற்றேரிக்குத் திண்ணைப் பேச்சே போதும். முப்பது குடும்பு, பன்னிரண்டு சேரி என்று விரிந்த ஊரில், ஒரே கரையின் கீழ் பலர் நம்பி வாழும்போது, முகம் பார்த்து நம்புவது நடக்காது. காவிரிப் படுகையில் நிலைமை வேறு. அங்கே ஒரே ஆற்றுக் கால் பல ஊர்களைத் தொட்டுப் போவதால் நீரின் பொறுப்பு எந்த ஓர் ஊர்ச் சபையின் கைக்குள்ளும் முழுதாக அடங்காது. தன் நீரைத் தானே பிடித்துத் தானே பங்கிடும் பெரிய பிரமதேயம் என்ற சேர்க்கை தொண்டை மண்டலத்துக்கே உரியது. ஏரி மட்டும் சபையை உண்டாக்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. எழுத்தும் கணக்கும் பழகிய கூட்டம் ஒன்று, கண்டிப்பாகக் காக்கவேண்டிய பெரிய ஏரி ஒன்றின் கீழ் வந்து சேர்ந்தபோதுதான் இந்த வகைச் சபை உருவானது.

சோழர் மறைந்தபின் அந்தச் சபை மெல்லக் கல்வெட்டுகளிலிருந்து போய்விடுகிறது. ஏரியின் செலவு போகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில், 1767 முதல் 1774 வரை, பர்னார்டு என்ற அதிகாரி செங்கற்பட்டுச் சாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து எழுதவைத்த கணக்குகளில், களத்து நெல்லிலிருந்து அரசுப் பங்கும் குடியின் பங்கும் பிரிப்பதற்கு முன்பே பொதுக்காரியங்களுக்கு எடுத்துவைக்கும் மேரைகள் வருகின்றன, ஏரிப் பராமரிப்பும் அவற்றில் ஒன்று. வாரியம் இல்லாமல் போன ஊர்களிலும் நெல் குவியலின் ஒரு பங்கு ஏரிக்கு என்ற வழக்கம் நிலைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரி முறை மாறி, அந்தப் பங்கு கருவூலத்துக்குப் போகத் தொடங்கியது. பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறையின் கைக்கு வந்தன. இன்று உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்றின் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நீர் வருகிறது. அந்தக் கால்வாயைத் தூர் வாரச் சொல்லி விவசாயிகள் மனு எழுதுகிறார்கள், முடிவை எடுப்பது வேறோர் ஊரில் இருக்கும் அலுவலகம்.