சிறுதேரும் இருப்புப்பாதையும்

பெரியதொன்றைச் சிறிதாக்கிக் கண்டு மகிழும் இயல்பு மக்களுக்குப் புதியதன்று. நம் புலவர்கள் பிள்ளைத்தமிழுக்குப் பருவங்களை வகுத்தபோது, ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவத்தையும் ஒன்றாக வைத்தனர். கோயில் வீதியிற் பெருந்தேர் ஓடக் கண்ட பிள்ளை, வீட்டு முற்றத்திற் சிறுதேர் உருட்ட விரும்புதல் இயல்பேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவி இயந்திரம் உலகின் பெருந்தேராக எழுந்தது. அதன் பின்னே அதற்குரிய சிறுதேரும் தோன்றிற்று.

ஜெர்மனி நாட்டின் மார்க்லின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையிலே, விளையாட்டுப் புகையிரதங்களுக்கு நிலையான பாதையகலங்களை வகுத்துக் காட்டினர். இங்கிலாந்தில் பாசெட்-லோக் நிறுவனம் 1899இல் தொடங்கி, உண்மை வண்டிகளின் வடிவுக்கு நெருங்கிய மாதிரிகளைச் செய்து விற்றது. 1920இல் ஹோர்ன்பி புகையிரதங்கள் கடைக்கு வந்தபின், இப்பொருள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கும் எட்டிற்று. ஆயினும் பிள்ளைகள் வளர்ந்தும் சிலர் இதனைக் கைவிட்டாரல்லர். விளையாட்டாய்த் தொடங்கியது அவர்களிடத்தே ஆராய்ச்சியாக மாறிற்று. இலண்டனில் 1910இலேயே மாதிரிப் புகையிரதக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு மில்வாக்கி நகரிற் கூடிய மாநாட்டில் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் பிறந்தது. ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் அமைத்த பாதையில் ஓடவேண்டுமாயின் யாவர்க்கும் பொதுவான அளவுகள் வேண்டும். அவ்வளவுகளை நிறுவுதலே அச்சங்கத்தின் முதற்பணியாயிற்று.

பொது மாநாடுகள் இவ்வாறு வளர்ந்தபின், சிறப்பு மாநாடுகள் எதற்கு என நேயர்கள் வினவலாம். அதற்குரிய விடை கடைத்தெருவில் இருக்கிறது. பலர் விரும்பும் வண்டியையே வணிகர் செய்து விற்பர். சிலர் மட்டுமே அறிந்த மலைப்பாதையின் வண்டியையோ, மறைந்துபோன சிற்றூர்ப் பாதையின் நிலையத்தையோ எவரும் செய்து தாரார். அதனை விரும்புவோர் பழைய வரைபடங்களைத் தேடி, எஞ்சியவற்றை நாடாக் கொண்டு அளந்து, தம் கையாலேயே ஆக்குதல் வேண்டும். ஒருவரிடம் வரைபடமும், இன்னொருவரிடம் நிழற்படமும், வேறொருவரிடம் அப்பாதையிற் பணியாற்றிய அனுபவமும் இருக்கும். இம்மூவரும் ஓரிடத்திற் கூடினாலன்றி அறிவு முழுமை பெறாது. அமெரிக்காவில் ஒடுங்கிய பாதைகளுக்கென 1981ஆம் ஆண்டிலிருந்து தனி மாநாடு நடைபெற்று வருதற்கு இதுவே காரணம். அங்குப் பெரிதும் பேசப்படும் பாதைகளுள் ஒன்றாகிய ரியோ கிராண்டே சதர்ன் 1951இலேயே மூடப்பட்டது. பாதை மறைந்து முப்பது ஆண்டுகளின் பின்னர் அதற்கென அறிஞர் கூடினர் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இச்செய்தியை மட்டக்களப்போடு பொருத்திக் காண்போம். இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. கண்டி நகர் 1867இல் அதனைக் கண்டது. யாழ்ப்பாணப் பாதை 1905இல் நிறைவெய்திற்று. கிழக்கிலங்கையோ அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. மாகோவிலிருந்து கல் ஓயா வழியாகத் திருகோணமலைக்கு 1927இலும், கல் ஓயாவிலிருந்து பிரிந்து மட்டக்களப்புக்கு 1928இலும் பாதை திறக்கப்பட்டது. அதுகாறும் கரையோரக் கப்பலும் மாட்டுவண்டியும் வாவித் தோணியுமே மட்டக்களப்பாருக்கு வழித்துணையாக இருந்தன. பாதை ஊடறுத்த காடும் எளியதன்று. புணானைப் பகுதியில் வழிப்போக்கரைக் கொன்று திரிந்த சிறுத்தையொன்று 1924ஆம் ஆண்டிலேதான் சுட்டு வீழ்த்தப்பட்டது.

இப்பாதை ‘இலேசுப் புகையிரதப் பாதை’ என்றே தொடக்கத்தில் வழங்கப்பட்டது. பெயரைக் கண்டு அகலம் ஒடுங்கியது எனக் கருதுதல் பிழை. களனிப் பள்ளத்தாக்குப் பாதை இரண்டடி ஆறங்குல அகலமே கொண்டிருந்தது. மட்டக்களப்புப் பாதையோ ஏனைய பெரும் பாதைகளைப் போன்று ஐந்தடி ஆறங்குல அகலம் உடையது. தண்டவாளத்தின் நிறையும் வண்டியின் வேகமுமே இலேசாக இருந்தன. செலவைச் சுருக்கிப் பாதையை நீட்ட வேண்டும் என்பதே அரசின் நோக்கம். அச்சிக்கனத்தின் அடையாளங்களாக இரு பாலங்கள் நின்றன. மகாவலி கங்கையின் மேல் மன்னம்பிட்டியிலும், வாழைச்சேனை ஆற்றின் மேல் ஓட்டமாவடியிலும் புகையிரதத்திற்கும் வீதிக்கும் ஒரே இரும்புப் பாலமே அமைந்தது. வண்டி வரும்போது வீதிப் படலை மூடப்படும். மாட்டுவண்டியும் பேருந்தும் பாடசாலைப் பிள்ளைகளும் அது கடந்து செல்லும்வரை காத்து நிற்பர். மன்னம்பிட்டியில் 2007ஆம் ஆண்டிலும், ஓட்டமாவடியில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் வீதிக்கெனப் புதிய பாலங்கள் எழுந்தன. அதனோடு அக்காத்திருப்பும் ஒழிந்தது.

பாதை மட்டக்களப்பை அடைந்து அங்கேயே முடிவெய்திற்று. வாவியைக் கடந்து தெற்கே கல்முனைக்கோ பொத்துவிலுக்கோ அது செல்லவில்லை. எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கும் வாவியே அதன் எல்லையாயிற்று. தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து ஓடமும் வண்டியும் தத்தம் பணியைத் தொடர்ந்தன. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை ஓடப்பாதையே மக்களை அக்கரை சேர்த்தது. இருப்புப்பாதையும் நீர்ப்பாதையும் ஒன்றையொன்று நம்பியிருந்த இவ்வமைப்பு மட்டக்களப்பு வரலாற்றுக்கு உரிய தனிச்சிறப்பாகும்.

காலம் பாதையையும் மாற்றிற்று. 1953, 1954ஆம் ஆண்டுகளில் டீசல் இயந்திரங்கள் இலங்கைக்கு வந்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து வந்தவை அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடின. 1955இல் பொது முகாமையாளராகப் பொறுப்பேற்ற பி. டி. ரம்பாலாவின் காலத்தில் நெடுந்தூர வண்டிகளுக்குப் பெயர் சூட்டப்பட்டது. வடக்கே யாழ்தேவியும் கிழக்கே உதயதேவியும் அவ்வாறு எழுந்தவை. பின்னர் பாடும் மீனின் பெயரைப் பூண்டு இரவு வண்டியும் ஓடலாயிற்று. நீராவி இயந்திரங்கள் படிப்படியே ஒதுங்கின. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி மாவட்டத்தையே புரட்டிற்று. அதன் பின்வந்த போர்க்காலத்தில் சேவை பலமுறை அறுந்து, பல ஆண்டுகள் கழித்தே மீண்டும் பொருந்திற்று.

இவ்வரலாற்றை மாதிரியாகச் செய்ய முனைவார் எதிர்கொள்ளும் தடை யாது? ஓரடிக்கு நான்கு மில்லிமீற்றர் என்னும் வழக்கமான அளவில் ஐந்தடி ஆறங்குலம் இருபத்திரண்டு மில்லிமீற்றர் ஆகும். கடையிற் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலமோ பதினாறரை மில்லிமீற்றரே. ஆகவே இலங்கைப் பாதையையும் இந்தியப் பெரும்பாதையையும் உள்ளபடி காட்ட விரும்புவோர் தண்டவாளத்தையும் சில்லையும் தாமே ஆக்கவேண்டும். அதுவுமன்றி, கொழும்பிலிருந்து மட்டக்களப்பு 348 கிலோமீற்றர் தூரம். அவ்வளவையும் இதே வீதத்திற் சுருக்கினாலும் நாலரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளும். எனவே எதனை வைப்பது, எதனை விடுவது என்று தேர்ந்தாக வேண்டும். ஓட்டமாவடிப் பாலத்தை வைப்பதா, ஏறாவூர் நிலையத்தை வைப்பதா, மட்டக்களப்பின் முடிவிடத்தை வைப்பதா என்று தேருங்கால் மாதிரி செய்பவர் வரலாற்றாசிரியராகவே மாறிவிடுகிறார்.

அவர் கேட்கும் கேள்விகளும் நூல்களிற் காணப்படாதவை. கைகாட்டி மரத்தின் உயரம் என்ன? எதிரெதிரே வரும் வண்டிகள் ஒற்றைப் பாதையில் மோதாவண்ணம், அதிகார முத்திரை போல் நிலைய அதிபர் சாரதிக்கு வழங்கும் வட்டத் தகட்டைத் தாங்கிய வளையம் எவ்வாறு கைமாறிற்று? நிலையத்துச் சுவருக்கு என்ன நிறம் பூசப்பட்டது? இவற்றுக்கு விடை அறிந்தோர் பணியாற்றியவர்களே. 1960களின் இறுதியில் இருபது வயதில் நீராவி இயந்திரத்திற்குக் கரி தள்ளியவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேலாகிறது. அவர் வாய்மொழியைப் பதியாது விட்டால், பின்னர் எந்தச் சுவடிக்கூடத்திலும் அதனைத் தேடிப் பெற இயலாது. இக்கலையின் எதிர்காலம் பற்றிய வினா இங்கேதான் உயிர்பெறுகிறது.

மேலை நாடுகளிலோ இத்தகைய கூட்டங்கள் பல தளர்வுற்று வருகின்றன. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் உலகெங்கும் மாநாடுகளைக் கலைத்தது. பேர்மிங்காம் கண்காட்சி மண்டபத்தில் முப்பதாண்டுகளாக நிகழ்ந்த வார்லிக் கழகத்தாரின் பெருங்காட்சி 2023 நவம்பரோடு முடிவுற்றது. 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்னும் புகழ்மிக்க விற்பனை நிலையமும் 2024இல் மூடும் முடிவை அறிவித்தது. சங்கங்களில் நரைத்த தலைகளே மிகுதி. ஆயினும் பார்ப்போர் ஆர்வம் குன்றியது என்று சொல்லுதற்கில்லை. 2001இல் ஹம்பர்க் நகரில் திறக்கப்பட்ட சிற்றுலகக் காட்சிக்குப் பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். புனே நகரத்து ஜோஷி சிற்றுருப் புகையிரதக் காட்சிச்சாலையும் 1998 முதல் பிள்ளைகளை ஈர்த்து வருகிறது. வேண்டிய உறுப்பைக் கணினியில் வரைந்து அச்சிட்டெடுக்கும் முப்பரிமாண அச்சு, கைத்தொழில் கல்லாதாருக்கும் வழி திறந்துள்ளது. பார்ப்போர் பெருகியும் அறிந்தோர் அருகியும் வருதலே இன்றைய நிலை. சிறப்பு மாநாட்டின் பயன் அறிந்தோரைப் பெருக்குதலாதலின், அதன் தேவை முன்னினும் மிகுந்துள்ளது எனலாம்.

இந்நிலைக்கு ஒத்ததொரு வரலாறு மட்டக்களப்பாருக்குப் புறம்பானதன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஒரு காலத்தில் ஊர்க் களரியில் அண்ணாவிமாரின் நினைவிலும் கையேட்டிலும் மட்டுமே வாழ்ந்தன. பார்ப்போர் இருந்தும் பயில்வோர் குறைந்த நாளிலே, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவற்றைப் புதிய மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ அவ்வழியில் முதன்மையானது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் அறிவு அங்கு மாணவர்க்குக் கைமாறிற்று. அறிந்தவரும் கற்பவரும் ஓரிடத்திற் கூடியமையே அக்கலைக்கு உயிர் தந்தது. மூத்தோர் தமக்குள்ளேயே கூடிக் கலைந்திருப்பின் அக்கூட்டம் அவர்களோடு மறைந்திருக்கும்.

2028ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பாதைக்கு நூறாண்டு நிறைகிறது. இலங்கைப் புகையிரதச் சேவையின் நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவின்போது, 2014இல் கடுகண்ணாவையிலே தேசியப் புகையிரதக் காட்சிச்சாலை அமைக்கப்பட்டது. கிழக்கின் நூற்றாண்டுக்கு அத்தகைய பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஓய்வுபெற்ற நிலைய அதிபரும் சாரதியும் பாதைக் காவலரும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்து மாணவரும், பாடசாலைகளின் தச்சு வகுப்புப் பிள்ளைகளும் இரண்டு நாள் ஒன்றுகூடினாற் போதும். முன்னவர் சொல்லப் பின்னவர் எழுதுவர். ஓட்டமாவடிப் பழைய பாலத்தையும் எஞ்சிய நிலையக் கட்டடங்களையும் அளந்து வரைவர். அவ்வரைபடத்தைக் கொண்டு பிள்ளைகள் அட்டையாலும் மரத்தாலும் ஒரு நிலையத்தை ஆக்குவர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வண்டியிற் பயணம் செய்து, ஒரே பாதையிற் பணியாற்றிய வரலாறாதலால், அவ்வேலையில் மூவினத்தார்க்கும் பங்குண்டு. போரினால் ஐயுற்றுப் பிரிந்திருந்த ஊர்கள் சண்டையின்றிப் பேசுதற்கு இதுபோன்ற பொதுப்பொருள்கள் பல கிடைப்பதில்லை.

அமெரிக்காவிலே கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்கள், கைவிடப்பட்ட மலைப்பாதையொன்றின் பகுதியை 1970ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிக் காத்தன. அதன் அருமையை அறிந்து வாதாடுவோர் அந்நாளில் இருந்தமையால் அது கைகூடிற்று. மட்டக்களப்புப் பாதையோ கைவிடப்பட்டதன்று. அதன்மேல் இன்றும் மக்கள் பயணம் செய்தே வருகின்றனர். மறையும் நிலையில் இருப்பது அதனைப் பற்றிய நுட்ப அறிவேயாகும். பெருந்தேரை இழுக்க ஊரார் கூடுவதுபோல், அதன் அளவையும் ஒலியையும் முறையையும் அறிந்தோர் கூடி அடுத்த தலைமுறையின் கையில் ஒரு சிறுதேரைக் கொடுப்பாராயின், இத்தகைய மாநாடுகளுக்கு எதிர்காலம் உண்டோ என்னும் ஐயத்திற்கு மட்டக்களப்பு தக்க விடையளித்ததாகும்.