பழவேற்காட்டு மீனவர் ஊர்கள்: குடியிருப்பும் பொது நிலமும்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் அருகே அமைந்த மீனவர் ஊர்களில், புதிய வீடுகளுக்கான தேவையை நிறைவேற்றி, தொழிலுக்கான பொது நிலத்தையும் பாதுகாப்பது குறித்த நிலப் பயன்பாட்டுச் சிக்கல்.

பின்னணி: சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டிலும் பரவியுள்ளது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்கள், ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' முறைக்குப் பெயர்பெற்றவை. கரையிலும் இடம் வேண்டும்: படகு நிறுத்த, வலை உலர்த்த, மீன் காயவைக்க, கரைக்கு நடந்தோ மிதிவண்டியிலோ செல்ல. குடும்பங்கள் பெருகும்போது வீடுகளுக்கும் பெரும்பாலும் இதே நிலமே தேவைப்படுகிறது.

சட்டம்: 2011 கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, மீனவர் ஊர்களையும் அவற்றின் பொதுச் சொத்துகளையும் புல எண் அளவிலான வரைபடங்களில் குறிக்கவும், மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசுகள் விரிவான திட்டம் வகுக்கவும் சொன்னது. ஊரகக் கடற்கரையில் உயரலைக் கோட்டிலிருந்து 100 முதல் 200 மீட்டர் வரை, மரபுவழிக் கடலோரச் சமூகங்களின் வீடுகளுக்கு நிபந்தனையுடன் இடமளித்தது. 2019 அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகப் பகுதிகளில் கட்டுமானத் தடை எல்லையை 50 மீட்டராகச் சுருக்கியது. இதனால் வீடு கட்டும் வாய்ப்பு கூடுகிறது. கரையோரப் பொது நிலத்தின் மீதான நெருக்கடியும் கூடலாம். ஏரியின் பறவைகள் சரணாலயப் பகுதிக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு.

வரைபடத்தில் விடுபட்ட வலை உலர்த்தும் களத்தையோ கரைக்குச் செல்லும் பாதையையோ பின்னர் உரிமை கோரி மீட்பது கடினம். எனவே வரைபடத்துக்கான கள அளவீட்டில் ஊர்ப் பஞ்சாயத்துகள் பங்கேற்பது முக்கியமாகிறது.