பாடம் போற்றிய வரலாறு

படித்ததைப் பிள்ளை மறந்துவிட்டால், அதனைத் தலையெழுத்தென்று கூறி வாளாவிருக்கும் பெற்றோர் நம்மவருள் இன்னும் உளர். சிலர் கயிறு மந்திரித்துக் கட்டுவர். சிலர் நேர்த்திக்கடன் வைப்பர். நினைவாற்றலோ பெரும்பாலும் பழக்கத்தின் பயனாகும். இதனைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தனர் என்பதற்கு நன்னூல் ஒன்றே போதிய சான்று என்போம்.

13-ம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன்னரே, தன் பாயிரத்திற் கற்கும் முறையைப் பேசுகின்றது. பாடத்தை மறவாது போற்றுதல், கேட்டவற்றை மீண்டும் சிந்தித்தல், ஆசிரியரை அடுத்து ஐயந்தீரக் கேட்டல், உடன் கற்போருடன் பழகுதல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடையிறுத்தல் என அடுக்கிச் செல்கின்றது. இவற்றுட் பெரும்பாலானவை ஏட்டை மூடிவைத்த பின்னர்ச் செய்யத்தக்கன என்பதை நோக்குக.

அதனினும் வியப்புடையது அந்நூல் தரும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை எத்துணை நன்றாகக் கேட்டுக் கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது காற்பங்கு புலமையே. உடன் பயில்வோரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும்.

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் இம்முறையின் சாயல் இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொன்னான். சென்னை எழும்பூரிற் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789-ம் ஆண்டு முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அவ்வழக்கத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பித்தார். 1797-ம் ஆண்டில் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்திற் பரவிற்று.

ஆயினும் பழமையின் குறையை நாம் மறைத்தல் தகாது. திண்ணைப் பள்ளி பொருளுணராத நெட்டுருவைப் பிரம்பின் துணையாற் புகட்டிற்று. பெண்மக்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் அதன் வாயில் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது. நல்ல முறையொன்று சிலர்க்கே உரிமையாக நின்றது.

இனி ஆராய்ச்சி கூறுவதைக் காண்போம். ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து சோதித்து, 1885-ம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கற்றதிற் பாதிக்கு மேற்பட்டது ஒரு மணி நேரத்துக்குள் நழுவக் கண்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பிரித்து 38 முறை ஓதியே பெறலாம் என்றும் கண்டார். 2006-ம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனையில், பாடத்தை மறுபடியும் வாசித்த மாணாக்கர் ஒரு வாரத்துக்குப்பின் நூற்றுக்கு 42 பங்கு நினைவுகூர்ந்தனர். பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவரோ 56 பங்கு நினைவுகூர்ந்தனர்.

ஆதலின், அன்று கற்றதை அன்று மாலையே ஏட்டை மூடிச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். மறுநாளும், ஒரு வாரங் கழித்தும், ஒரு திங்கள் கழித்தும் அவ்வாறே செய்தல் வேண்டும். தேர்வுக்கு முதல்நாள் இரவெல்லாம் விழித்துப் படிப்பதினும் இது நன்று. இதற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை. தனி ஆசிரியர் வைக்க வழியற்ற தோட்டத்து வீட்டிலும் கேட்பார் ஒருவர் உண்டு. எழுத்தறியாத தாயும், "இன்று என்ன படித்தாய்? எனக்கு விளங்கச் சொல்" என்று கேட்கலாம். அவளுக்கு விளங்கும்படி சொல்லப் பழகிய பிள்ளை, நன்னூலார் குறித்த அந்த அரைப்பங்கைத் தன் வீட்டிலேயே பெறும்.