அமெரிக்கக் குளிர்பதனத் தொழிலாளர் உரிமத்தின் வரலாறு

அமெரிக்காவில் குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி. போன்ற கருவிகளின் வாயுச் சுற்றைத் திறந்து வேலை செய்பவர், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒப்புதல் பெற்ற தேர்வில் தேறியிருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் 608ஆம் பிரிவு இதைப் பற்றியது. அதனால் தொழிலாளர்கள் இதை '608 சான்று' என்றே அழைக்கிறார்கள். பொதுவாகத் தொழில் உரிமங்கள் வாடிக்கையாளரைக் காப்பதற்காக ஏற்பட்டவை. இந்தச் சான்று வானத்திலுள்ள ஓசோன் படலத்தைக் காப்பதற்காக ஏற்பட்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், தேர்வின் பாடத்திட்டம் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது விளங்கும்.

வாயுவின் கதை

தொடக்க காலக் குளிர்பதனக் கருவிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. இவை கசிந்தால் வீட்டிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக 1928இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் நச்சும் தீப்பற்றும் தன்மையும் இல்லாத ஒரு மாற்றைக் கண்டனர். 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, வெளியே ஊதி, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். (பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டவரும் இவரே.) 'ஃபிரியான்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது.

பாதுகாப்பான வாயு என்ற நம்பிக்கையே பின்னால் வந்த அலட்சியத்துக்குக் காரணமாயிற்று. பழுது பார்க்க வந்த மெக்கானிக் வால்வைத் திறந்து, உள்ளிருந்த வாயு முழுவதையும் காற்றில் விட்டுவிடுவார். வேலை முடிந்ததும் புதிய வாயு நிரப்புவார். நம் ஊரில் 'கேஸ் அடிப்பது' என்கிறோமே, அதே வேலைதான். அதில் தவறு இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை.

1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் இவ்வகைக் குளோரோபுளோரோகார்பன்கள் மேல் வளிமண்டலத்தில் சிதைந்து, வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று எழுதினர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16 அன்று மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

சட்டம் தொழிலாளியிடம் வந்தது

தொழிற்சாலைகளில் உற்பத்தியைக் குறைத்தால் மட்டும் போதவில்லை. ஏற்கெனவே கோடிக்கணக்கான கருவிகளுக்குள் வாயு அடைபட்டிருந்தது. அது வெளியேறுவதும் வெளியேறாததும் ஸ்பேனர் பிடித்தவர் கையில் இருந்தது. 1992 ஜூலை 1 முதல், பழுது பார்க்கும்போது வாயுவைத் தெரிந்தே காற்றில் விடுவது குற்றமாயிற்று. அபராதம் அந்நாளில் நாளொன்றுக்கு 25,000 டாலர் வரை. 1994 நவம்பர் 14 முதல் சான்று கட்டாயமாயிற்று. சான்று இல்லாதவருக்கு அந்த வாயுவை விற்பதற்கும் தடை வந்தது. ஒவ்வொரு வீட்டின் கொல்லைப்புறத்திலும் ஓர் ஆய்வாளரை நிறுத்த முடியாது. ஆனால் கடையில் உருளை வாங்க வருபவரிடம் அட்டையைக் கேட்க முடியும். சட்டத்தின் மிகக் கூர்மையான பகுதி இதுதான் என்பேன்.

தேர்வில் அனைவருக்கும் பொதுவான ஒரு பகுதி உண்டு. அதன்பின் சிறு கருவிகள், ஸ்ப்ளிட் ஏ.சி. முதலான உயர் அழுத்தக் கருவிகள், பெரிய கட்டடங்களின் குறைந்த அழுத்தச் சில்லர்கள் என மூன்று வகைகள். எல்லாவற்றிலும் தேறியவருக்கு 'யுனிவர்சல்' சான்று. ஒவ்வொரு பகுதியிலும் 25 வினாக்கள், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. ஓசோன் சிதையும் விதம், சட்டத்தின் நாள்கள், வாயுவை மீட்கும் இயந்திரத்தின் பயன்பாடு, மீட்பு உருளையை 80 விழுக்காட்டுக்கு மேல் ஏன் நிரப்பக் கூடாது என்பன போன்றவை கேட்கப்படுகின்றன. செய்முறைத் தேர்வு இல்லை. முன் அனுபவமும் கேட்பதில்லை. ஒருமுறை பெற்ற சான்று காலாவதி ஆவதுமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் தேறியவர், பின்னர் வந்த புதிய வாயுக்களைப் பற்றி ஒரு வினாவுக்கும் விடையளிக்காமலே இன்றும் தொழில் செய்யலாம். ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது குறையாகவே படுகிறது.

வெப்பமூட்டும் பக்கம்

குளிர்நாடுகளில் இதே தொழிலாளர்தான் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலைகளையும் பழுது பார்க்கிறார். உலையில் கோளாறு ஏற்பட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவி, உறங்குபவர்களைக் கொல்லக்கூடும். ஆயினும் 608 சான்று உலையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. ஓசோனோடு அதற்குத் தொடர்பில்லை. அது மாநிலங்களின் பொறுப்பு. கலிபோர்னியாவில் இத்தொழிலில் ஒப்பந்ததாரர் உரிமம் பெற நான்காண்டு அனுபவமும் தேர்வும் வேண்டும். நியூயார்க் மாநிலம் முழுமைக்குமான உரிமம் என்று ஒன்றில்லை. நகரங்களே விதி வகுக்கின்றன. ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லாமல் போகலாம். 608 சான்றோ நாடு முழுவதும் செல்லும்.

ஓசோனைப் பாதிக்காத, ஆனால் புவியை வெப்பமாக்கும் ஹைட்ரோபுளோரோகார்பன் வாயுக்களுக்கும் 2018 ஜனவரி 1 முதல் அந்த விற்பனைத் தடை விரிவாக்கப்பட்டது.