நெகிழ்வட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு: ஒரு தலைகீழ்ப் பெயர்ப்பு

ஏடு பெயர்த்தெழுதும் மரபில் வந்தவர்கள் நாம். ஓலை மட்குவதற்குள் யாரேனும் ஒருவர் புது ஓலையில் படியெடுத்தாக வேண்டும், எடுக்காதவை போயின. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அந்தச் சங்கிலி ஓலையிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. ஆகவே பெயர்ப்பு என்றால் பழைய ஊடகத்திலிருந்து புதிய ஊடகத்துக்கு என்பதே நம் மனத்தில் பதிந்த திசை. நாங்கள் இடைசெவலில் செய்ய நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது. நெகிழ்வட்டில் கிடந்த கணினி விளையாட்டுகளை, அதனினும் பழைய ஊடகமான ஒலிநாடாவுக்குப் பெயர்த்தோம்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, நாற்கரச் சாலையை ஒட்டியுள்ள இடைசெவலைக் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊராகவே வாசகர்கள் அறிவர். இருவரும் 1923இல் பிறந்தவர்கள். எங்கள் சிறு வட்டத்தார் அவ்வூருக்குப் போய்வருவது வழக்கம். அப்படிப் போன ஒரு பயணத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பழுப்பேறிய கணினி ஒன்று. அதனுடன் ஐந்தேகால் அங்குல வட்டுகள் பத்தொன்பது. அவர் பணியாற்றிய பள்ளியில் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அதே எடை விலையைக் கொடுத்து இவர் மீட்டிருக்கிறார்.

அந்தக் கணினியின் பெயர் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 இறுதியில் வெளியிட்டது. நம் நாட்டுக்கு அது வந்த வழி இன்று பலருக்கு மறந்துவிட்டது. 1984-85இல் மத்திய அரசின் கல்வித் துறையும் மின்னணுத் துறையும் சேர்ந்து ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தை முதற்கட்டமாக 250 பள்ளிகளில் தொடங்கின. தேர்ந்தெடுக்கப்பட்ட இயந்திரம் இதுவே. பின்னர் மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதை ‘யுனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. (அந்நிறுவனத்தின் ஆலை 1989 பிப்ரவரியில் தீக்கிரையானது. இந்தியச் சில்லு உற்பத்தியின் வரலாற்றில் அது ஒரு தனித் துயரம், இங்கே வேண்டாம்.)

இக்கணினிக்கு இரண்டு சேமிப்பு வழிகள் இருந்தன. நெகிழ்வட்டு இயக்கி வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு வீட்டிலிருக்கும் டேப் ரெக்கார்டர். பிலிப்ஸ் 1963இல் பேச்சைப் பதிவதற்கென்று கொண்டுவந்த கேசட்டில் கணினித் தரவையும் ஏற்றலாம் என்பதற்கு 1975இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் கூடிய ஆர்வலர்கள் ஒரு பொது முறை வகுத்தார்கள். தத்துவம் எளியது. பூச்சியத்துக்கு ஒரு சுருதி, ஒன்றுக்கு அதன் மேல் ஸ்தாயி. பிபிசி மைக்ரோவில் பூச்சியம் என்பது 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை. ஒன்று என்பது 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகள். ஆக, நிரல் என்பது காதால் கேட்கத்தக்க ஓசையாகிவிடுகிறது. ஓசையாகிவிட்ட ஒன்றை வானொலியிலும் விடலாம் அல்லவா? 1980களில் நெதர்லாந்து வானொலி நிலையம் அப்படியே நிரல்களை ஒலிபரப்பியது. நேயர்கள் கேசட்டில் பதிந்து கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். திருநெல்வேலி வானொலியில் உழவர் நிகழ்ச்சிக்குப் பின் அப்படி ஒன்று வந்திருந்தால் கரிசல்காட்டுச் சனம் என்ன சொல்லியிருக்கும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

கேசட்டுக்குப் பெயர்ப்பது நம் ஊர்களுக்குப் புதிதன்று. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, இசைத்தட்டிலிருந்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிய ரெக்கார்டிங் கடைகளின் காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். காருகுறிச்சியாரின் நாகசுரத்தைக் கேட்டது அப்படித்தான்.

அப்பெட்டியிலிருந்த இயக்கி சாகும் தறுவாயில் இருந்தது. வட்டுகளிலோ பூஞ்சை. ஒரு முறை சுழன்றால் மறுமுறை சுழலுமா என்பது ஐயம். வட்டின் காந்தப் பதிவை அப்படியே படியெடுக்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன, எங்களிடம் இல்லை. கையிலிருந்தது ஒரு பழைய மோனோ டேப் ரெக்கார்டரும் சில வெற்றுக் கேசட்டுகளும். முதலில், மின்சாரம் பாய்ந்ததும் புகையைக் கக்குவதற்குப் பேர்போன அந்தக் கணினியின் மின்தேக்கிகளை மாற்ற வேண்டியிருந்தது. கோவில்பட்டி டிவி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் அதைச் செய்து தந்தார். பதிவின்போது எழுந்த கிறீச்சொலியைக் கேட்டுவிட்டு, “சார், இதுக்கு எங்க கிரைண்டர் சத்தமே தேவலை” என்றார்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. வட்டில் சில நொடிகளில் ஏறுவது, நொடிக்கு 120 பைட் வீதம் நாடாவில் இறங்கும். இருபது கிலோபைட் விளையாட்டுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். துண்டுகளுக்கிடையிலான இடைவெளியைச் சேர்த்தால் இன்னும் கூடும். கோப்பை நினைவகத்தில் ஏற்று, ‘டேப்’ கட்டளையால் கணினியின் முகத்தை நாடாவின் பக்கம் திருப்பு, தொடக்க முகவரியும் நீளமும் கொடுத்துப் பதி: அவ்வளவே. சிக்கல் இடம் பற்றியது. நெகிழ்வட்டு பூட்டிய கணினியில் நிரல்கள் 3584ஆம் இடத்தில் தொடங்காமல் 6400இல் தொடங்கும். நடுவிலுள்ள 2816 பைட்டை வட்டு தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. முதலில் நாடாவுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை வட்டுக்கு மாற்றியவர்கள், மேலே ஏற்றிப் பின் கீழே நகர்த்தும் ஒரு சிறு நிரலைச் சட்டைபோல் மாட்டியிருந்தார்கள். நாங்கள் மீண்டும் நாடாவுக்குக் கொண்டுபோனபோது அந்தச் சட்டையும் சேர்ந்தே வந்தது. பழைய ஏடுகளில் படியெடுத்தவரின் கைப்பிழையும் நூலோடு சேர்ந்து வருவதைப் போல.

பெயர்க்கவே இயலாதவையும் உண்டு. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய ‘எலீட்’ என்ற விண்வெளி விளையாட்டின் வட்டு வடிவம், நிலையத்திலிருந்து கப்பல் புறப்படும்போது வட்டிலிருந்து வேறொரு பகுதியை அழைத்துக்கொள்கிறது. நாடா முன்னோக்கி மட்டுமே ஓடும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் நாம் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அதே ஆண்டில் வந்த நாடா வடிவத்தில் கப்பல் வகைகள் குறைவு. சிறப்புப் பணிகள் இல்லை. கதைசொல்லி தன் முன்னிருக்கும் கூட்டத்துக்கேற்பக் கதையைச் சுருக்குவதை நாட்டார் கதைகளில் பார்த்திருக்கிறோம். இரண்டும் மூலமே. இதைப் பாடபேதம் என்னாமல் வேறென்ன என்பது?

பத்தொன்பதில் பதினொரு வட்டுகள் தேறின. பெரும்பாலானவை எங்கும் கிடைக்கும் ஆங்கில விளையாட்டுகள். அவை அழிந்தாலும் உலகம் எதையும் இழக்காது. எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது ஒன்று. ஆசிரியரின் மாணவர்கள் பேசிக் மொழியில் எழுதிய பல்லாங்குழி. மாறிகளின் பெயர்கள் ‘குழி’, ‘முத்து’, ‘பசு’ என ஆங்கில எழுத்தில் இருந்தன. பாதியில் இயக்கி திணறியது. திரையில் வட்டுப் பிழை என்ற செய்தி. துண்டு துண்டாகக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் ஒரே ஒரு துண்டு, 256 பைட், போய்விட்டிருந்தது. குழியில் நான்கு முத்து சேர்ந்தால் பசு என்று அள்ளும் விதி எழுதப்பட்டிருந்த இடம் அது.

ஓலை சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு விடுவதே பதிப்பு நேர்மை என்று எங்களில் சிலர் வாதிட்டோம். ஆனால் புள்ளியிட்ட செய்யுளைப் படிக்கலாம். 256 பைட் இல்லாத நிரல் ஓடாது. ‘பிழையான நிரல்’ என்று சொல்லி நின்றுவிடும். ஆசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நகருங்க, நானே எழுதிர்றேன்” என்று விசைப்பலகையின் முன் அமர்ந்தார். பசுவை யார் எடுப்பது என்பதில் அவர் வீட்டு முறை ஒன்று, எங்களுள் ஒருவர் தம் ஆச்சியிடம் கற்றது வேறொன்று. மாணவர்கள் எதை எழுதியிருந்தார்கள் என்பது அவருக்கும் நினைவில்லை.

கேசட்டின் ஏ பக்கத்தில் சிதைந்த மூலம் அப்படியே இருக்கிறது. பி பக்கத்தில் இருப்பது ஆசிரியர் நிரப்பியது, அதுதான் ஓடுகிறது. அட்டையில் இரண்டையும் வேறுபடுத்தி எழுதி, அன்றிரவே இரு பக்க ஓசையையும் கைபேசியில் பதிந்துகொண்டோம். கைபேசியை நேரே கணினியின் நாடாத் துளையில் இணைத்து ஒலிக்கவிட்டபோது, ஒலியளவைக் கொஞ்சம் கூட்டிய மூன்றாம் முயற்சியில் பதினான்கு குழிகளும் திரையில் வந்தன.