வெக்கையிற் பாடும் வாழ்த்து

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் எழுவான்கரையிலும், மேற்கே வயலும் குளமுமாக விரியும் படுவான்கரையிலும், தெற்கே தம்பிலுவில் வரையிலும் கண்ணகை அம்மனுக்கு எடுக்கப்படும் வைகாசிச் சடங்கு, துன்பம் நீங்கியபின் செலுத்தும் நன்றிக்கடனாக அன்றி, துன்பம் தலைக்குமேல் நிற்கும்போதே சொல்லப்படும் வாழ்த்தாக அமைந்திருப்பது ஆராய்தற்குரியது. வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் இந்நிலத்தில் வைகாசி என்பது வெயில் ஏறி, நீர்நிலைகள் சுருங்கி, 'அம்மாள் வருத்தம்' என மக்கள் அஞ்சியும் பணிந்தும் குறிக்கும் அம்மை நோய்கள் தலைகாட்டும் காலமாகும்.

செட்டிபாளையம், மகிழடித்தீவு, முதலைக்குடா முதலிய ஊர்களின் சடங்குகளிற் பொதுவாகக் காணப்படுவன கதவு திறத்தல், கண்ணகை கோவலன் திருமணத்தை நினைவூட்டும் கல்யாணக்கால் நடுதல், வழக்குரை ஓதுதல், குளிர்த்தி என்பனவாம். கண்ணகி வழக்குரை என்பது அம்மனின் பிறப்பு முதல் மதுரை எரிந்தது வரையான கதையைக் கூறும் நெடுங்காவியம். குளிர்த்தி என்பது அவளது சினவெப்பத்தைத் தணிக்கும் நிகழ்வு. நீர் நிறைந்த பாத்திரத்தில் வேப்பிலைக் கொத்தைத் தோய்த்துத் தோய்த்துப் பூசகர் எடுக்க, குளிர்த்திப் பாடல் இடையறாது ஓதப்படும். பின்னர் அந்நீரே தீர்த்தமாகிக் கூடியிருப்போர்மீது தெளிக்கப்படும்.

துன்பத்தினின்று எழுந்த துதி தமிழ்ச் சைவத்துக்குப் புதிதன்று. சூலை நோயால் துடித்த நிலையிலேயே திருநாவுக்கரசர் திருவதிகையில் தம் முதற் பதிகத்தைப் பாடினார் என்பது மரபு. ஆயின் அவர் பாடியது தம் நோவை. வாவிக்கரை மக்கள் தம் நோவைச் சற்று ஒதுக்கிவைத்து, கணவனை இழந்து அரசவையில் நீதி கேட்டு நின்ற தெய்வத்தின் நோவைப் பாடுகின்றனர். அநீதி இன்னதென்று தானே பட்டறிந்தவளிடம் முறையிடுகின்றோம் என்பதே இங்கு நம்பிக்கையின் வேர் எனக் கொள்ளலாம். இவ்வழிபாட்டை வெறும் அச்சத்தின் விளைவாகக் காண்போர் இதனைக் கவனிப்பதில்லை. பெரியம்மை உலகினின்று ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்ட பின்னரும், 1978 நவம்பர்ச் சூறாவளியும் போர்க்கால இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்த ஆழிப்பேரலையும் கண்ட பின்னரும், இச்சடங்கு நின்றுவிடவில்லை; நோய்க்கும் நேர்த்திக்குமான கொடுக்கல் வாங்கலாக மட்டும் இருந்திருப்பின் எப்போதோ கைவிடப்பட்டிருக்கும்.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையும் பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோய் பரவியதையும், கொற்கையில் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழாவெடுத்ததையும், இலங்கைக் கயவாகு கோயில் சமைத்ததையும் கூறுகின்றது. அங்கே அரசர் முன்நிற்க, இங்கே ஊர் முன்நிற்கின்றது. மழை பொய்த்த காலத்தில் முற்காலத்தே ஆடப்பட்ட கொம்புவிளையாட்டில், கண்ணகை பக்கத்துத் தென்சேரியும் கோவலன் பக்கத்து வடசேரியுமாக ஊர் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய மரக்கொம்புகளை வடங்கட்டி இழுக்கும். கொம்பு முறிந்த சேரியை வென்றோர் பாட்டாலேயே பரிகசிப்பர். வானம் வறண்டிருக்கையிலும் சிரிப்பதற்கு அம்மன் தடை சொல்லாள் என்று அம்மக்கள் எண்ணினர் போலும்.